நூற்றெட்டு விளக்குத் திவாகர்

கும்பாபிஷேக மலரில் திவாகரைப் பற்றி அரைப் பக்கம் வர வேண்டும் என்று கோயில் தலைவர் பரமேஸ்வரன் எங்கள் அச்சகத்துக்கு ஆள் அனுப்பினார். 'கணினி வித்தகர்' என்ற தலைப்பையும் அவரே ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. கறுப்புக் கோட்டு, கட்டிய கை, முக்கால் முகம். கோட்டு அவனுடைய கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு எடுத்தது. அன்றைக்குப் பந்தியில் சிந்திய குழம்புக் கறை இடது காலரில் அப்படியே இருந்தது. அதை நான்தான் கணினியில் அழித்தேன். மலாக்கா டவுனில் இருக்கும் இந்த அச்சகத்தில் பதினோரு வருடமாக என் பிழைப்பு இதுதான். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், அடுத்தவர் கறை.

அரைப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அவன் பிறந்த தேதியைத் தவிர உண்மை என்று ஒன்றும் இல்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

திவாகர் பிறந்தது ஜாசினுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுங்கை தெராத்தாய் தோட்டத்தில். நானும் அங்கேதான் பிறந்தேன். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான் தூரம். அவனுடைய அப்பா தம்புசாமி எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார், நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் மகன் பேசித் தீர்த்தான்.

நான்காம் வகுப்பில் பள்ளிக்கூடக் கணினி ஒன்று எரியவில்லை. ஆசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். திவாகர் மேசைக்கு அடியில் குனிந்து, சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டான். கணினி எரிந்தது. அன்றைக்கே அவனுக்குக் 'கம்ப்யூட்டர் திவா' என்று பேராகிவிட்டது. அந்த ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு அவன் இருபத்துமூன்று வருடம் ஓட்டியிருக்கிறான். ஊரும் ஓட்டவிட்டது. பள்ளி முடித்துக் கணினி டிப்ளோமாவுக்குப் போனான். ஒரு பருவம் முடிந்ததும் "சிலபஸ் ரொம்ப பழசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். ஜாசினில் ஒரு கைப்பேசிக் கடையில் சேர்ந்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசித் திரையில் கண்ணாடித் தாள் ஒட்டுவதில் அவனுக்கு நிகர் யாரும் இல்லை. ஒரு காற்றுக் குமிழ் இருக்காது. ஓரம் ஒரு நூல் விலகாது. அந்த வேலையைச் செய்யும்போது மட்டும் அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் அவனை மதித்திருப்பேன். ஆனால் அவன் தலைவர் பரமேஸ்வரனின் மகள் தேவிஸ்ரீயைக் கட்டினான். தலைவருடைய மருமகன் கண்ணாடித் தாள் ஒட்டுகிறவன் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? கல்யாணப் பத்திரிகையில் 'ஐடி துறை' என்று போடச் சொன்னார்கள். போட்டவள் நான்.

போன வருடம் ஜாசினில் பெரியவர்களுக்காக இலவசக் கணினி நிரல் வகுப்பு நடந்தது. எட்டுச் சனிக்கிழமை. அச்சு வேலைக்கு உதவும் என்று நான் சேர்ந்தேன். முதல் நாள் போய்ப் பார்த்தால் முன் வரிசையில் திவாகர், சொந்த லேப்டாப்போடு. "உனக்கு எதுக்குடா இது?" என்று கேட்டேன். "சும்மா, சர்ட்டிபிகேட்டுக்கு லா. இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றான்.

வகுப்பெடுத்தவர் அஸ்லினா என்ற மலாய் ஆசிரியை. சின்னப் பெண், பொறுமைசாலி. மூன்றாவது சனிக்கிழமை வட்டம் வரையச் சொன்னார். வரைவது என்றால் பேனாவைச் சுழற்றுவது இல்லை. திரையைக் கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. வட்டம் என்றால் என்னவென்று அந்த யந்திரத்துக்குத் தெரியாது. எந்தெந்தப் புள்ளிக்கு நிறம் போட வேண்டும் என்று நாம்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி ஒன்றுதான். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு நெட்டு வரிசையாகப் போவது. அந்த வரிசையில் வட்டம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைப்பது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். உச்சியிலும் அடியிலும் புள்ளிகள் தோளோடு தோள் உரசி நின்றன. இடமும் வலமும் அப்படி இல்லை. அங்கே வட்டம் செங்குத்தாக ஏறுகிறது, வரிசைக்கு ஒரு புள்ளி போதாது. இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்தது, எனக்கும் விழுந்தது. ஆசிரியை சிரித்துக்கொண்டு, "இந்த ஓட்டையை நல்லாப் பாத்துக்குங்க, அடுத்த வாரம் அடைக்கலாம்" என்றார்.

திவாகர் அடுத்த வாரம் வரை காத்திருக்கவில்லை. புள்ளியின் பருமனை ஒன்றிலிருந்து ஐந்தாக மாற்றினான். புள்ளிகள் ஊதிப்போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓட்டையை மூடிக்கொண்டன. "சிகு, டா சியாப்!" என்று ஆசிரியையைக் கூப்பிட்டுக் கத்தினான். முடிந்ததாம். ஆசிரியை பார்த்துவிட்டு, "மறைச்சிருக்கீங்க, அடைக்கல" என்றார். அது அவன் காதில் ஏறவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. கடையில் புதுக் கைப்பேசி விற்பனை இருந்தது. அன்றைக்குத்தான் ஆசிரியை சரியான வழியைச் சொல்லிக் கொடுத்தார். வட்டத்தை எட்டாக வெட்டி ஒரு துண்டை மட்டும் கணக்குப் போடுங்கள், உச்சியிலிருந்து சரியும் அந்தத் துண்டில் ஓட்டை விழாது, அதையே புரட்டிப் புரட்டி மற்ற ஏழு இடத்திலும் வையுங்கள் என்றார். செய்து பார்த்தோம். ஒரு புள்ளி விடாமல் வட்டம் மூடிக்கொண்டது. எனக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

எட்டில் நான்கு வகுப்புக்கு வந்த திவாகருக்கும் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினான். ஒரு வாரத்தில் தோட்டத்துக் கோயில் வரைக்கும் அவன் புரோகிராமர் ஆகிவிட்டான்.

இனிமேல் முனியாண்டி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்தில் வயர்மேனாக இருந்தவர். இப்போது ஜாசின் அடுக்குமாடியில் இருந்துகொண்டு வீடு வீடாக வயரிங் வேலை செய்கிறார். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இருபத்திரண்டு வருடமாக விளக்குப் போடுகிறவர் அவர்தான். கடை கிடையாது, போர்டு கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு பேர், முனியாண்டி போட்ட லைட் எரியும். அந்தப் பேரைக் கேட்டுத்தான் செர்காம் வரைக்கும் ஆட்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் போனால் அவருக்கு மிஞ்சுவது ஒரு ஏணியும் ஒரு டெஸ்டரும்தான்.

இந்த வருடச் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் தலைவர் டவுனில் எங்கேயோ ஓர் எல்.இ.டி. பலகையைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மன் தேருக்குப் பின்னால் அதே மாதிரி ஒளிவட்டம் வேண்டும் என்றார். பலகையில் துளை போட்டு, துளைக்கு ஒரு சின்ன விளக்கு. எந்த விளக்கு எரிய வேண்டும் என்று கணினி சொல்லும். துளை போடுவது முனியாண்டி மாமா. கணினிக்குச் சொல்வது மருமகன்.

மாமா நாற்பத்தொரு வரிசை, வரிசைக்கு நாற்பத்தொரு துளை என்று அங்குலம் தவறாமல் போட்டார். நடுவில் ஒன்று, நாலு பக்கமும் இருபது. ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொரு விளக்கு. தேரின் பின்சட்டத்தில் பலகை கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்போதுதான் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். வட்டத்தில் நூற்றெட்டு விளக்கு எரிய வேண்டும். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. பூசாரி நூற்றெட்டுப் போற்றி சொல்லச் சொல்ல, ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு விளக்காக எரிந்து வட்டம் முடிய வேண்டும்.

"நூத்தெட்டுதானே? செனாங் லா மாமா, சுலபம்" என்று மாமனாரிடம் சொன்னான் திவாகர்.

சுலபமாக வரவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி, அந்த நெட்டு வரிசை வழி. அந்தப் பலகையில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைப் போட்டுப் பார்த்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு இருபது. எண்பது விளக்குதான் வந்தது. இருபத்தொன்று என்று மாற்றினால் எண்பத்துநான்கு. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய் இருபத்தேழில் நூற்றெட்டைப் பிடித்துவிட்டான். வட்டம் இருபத்தேழு என்றால் பலகை ஐம்பத்தைந்து வரிசை வேண்டும். "பலகை சின்னதாப் போச்சு மாமா" என்று மாமனாரிடம் சொன்னான். கணக்கு தப்பாக இருக்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, தலைவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை சொன்னால் மரம்தான் தப்பு. பலகையைப் பெரிதாக்கச் சொல்லி முனியாண்டி மாமாவுக்கு உத்தரவு போனது. ஒரு வாரத்தில் இன்னும் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்துநான்கு துளை.

இந்தக் கூத்து என் காதுக்கு வந்தபோது நான் அச்சகத்தில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு விளையாட்டாக, ஆசிரியை சொல்லிக் கொடுத்த எட்டுத் துண்டு வழியில் வட்டம் போட்டுப் பார்த்தேன். பதினெட்டுக்கு நூறு வந்தது. பத்தொன்பதுக்கு நூற்றெட்டு வந்தது. அப்படியே நூற்றெட்டு. நம்பவில்லை, திரையில் விரலை வைத்து எண்ணினேன். பழைய பலகையிலேயே, ஓட்டை இல்லாமல், சுற்றி ஒரு வரிசை மிச்சம் வைத்து, தலைவர் கேட்ட நூற்றெட்டு உட்கார்ந்திருந்தது. எண்ணுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் இல்லை நான். ஆனாலும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுத்தான் சோற்றைத் தொட்டேன்.

சொல்ல வேண்டும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். கொட்டகையில் திவாகர் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கட்டை விரல் பருமனில் புள்ளிகள், திரை முழுக்க அழகான வட்டம். திரையில் புள்ளி ஊதும், பலகையில் விளக்கு ஊதாது.

"திவா, அந்த வட்டத்துல ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ராகினி, நீ கல்யாணப் பத்திரிகைல பூ வரையறதப் பாரு. கோடிங் நம்ம லைன்."

சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குக் கோடிங்குக்கும் கோணிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள். எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது. சரிடா, நன்றாக நாறு, ஊர் கூடி நிற்கும்போது நாறு என்று முடிவு செய்தேன். பத்தொன்பதை முழுங்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் முனியாண்டி மாமா சாக்கை விரித்து முட்டி போட்டு, பழைய பலகையின் நாலு பக்கமும் புதுச் சட்டம் சேர்த்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் மரத்தூள். என்னைப் பார்த்ததும் துளை மெஷினை நிறுத்தினார்.

"ஏம்மா, நீயும் அந்தக் கிளாசுக்குப் போனியாமே. நூத்தெட்டு லைட்டுக்கு இம்மாம் பெருசு வேணுமா?"

"அவருதானே புரோகிராமர், அவரையே கேளுங்க மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினை மறுபடியும் போட்டார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திருவிழா அன்று சாயந்திரம் ஏழு மணி இருக்கும், வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம். டவுனிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் வந்து முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். பலகை தேரின் பின்சட்டத்தில் உட்காராமல் இரண்டு பக்கமும் முழங்கை நீளம் பிதுங்கியது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் நல்ல இடமாகப் பார்த்து முன்னால் நின்றேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. அவன் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

பூசாரி அம்மன் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டம் "போற்றி" என்றது. திவாகர் ஒவ்வொரு போற்றிக்கும் லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினான். முதல் போற்றிக்கு இடது ஓரத்தில் ஒரு விளக்கு தனியாக எரிந்தது. இரண்டாவதுக்கு ஏழு துளை தள்ளி மேலே ஒன்று. மூன்றாவதுக்கு அதே அளவு கீழே ஒன்று. போகப் போக விளக்குகள் நெருங்கி வந்தன. உச்சியும் அடியும் தங்க நூல் மாதிரி சேர்ந்தபோது ஜனங்கள் கை கூப்பினார்கள். பிறகு மறுபடியும் விலகத் தொடங்கின. நூற்றெட்டாவது போற்றிக்கு வலது ஓரத்தில் கடைசி விளக்கு எரிந்தது. எரிந்து முடிந்தது.

வட்டம் முடியவில்லை. இரண்டு பக்கமும் பல் கொட்டிப்போயிருந்தது.

கூட்டம் முதலில் காத்திருந்தது. இன்னும் வரும் என்று நினைத்தது. பிறகு பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரின் முகம் கறுத்தது. "என்னாப்பா இது, ரெண்டு பக்கமும் எரியலையே?"

திவாகர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அந்தத் திறமைக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். லேப்டாப்பை மாமனார் பக்கம் திருப்பினான். அதில் கட்டை விரல் புள்ளிகளில் ஓட்டையே இல்லாத முழு வட்டம்.

"பாருங்க மாமா, புரோகிராம்ல ஃபுல்லா இருக்கு. வயரிங்தான் கோளாறு. எரியாத இடமெல்லாம் எங்க இருக்குன்னு பாருங்க. புதுசா சேத்த சட்டத்துல."

அது உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஓட்டைகள் எல்லாம் இடமும் வலமும் புதிதாகச் சேர்த்த சட்டத்தில்தான் விழுந்திருந்தன. முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் முனியாண்டி மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"புதுச் சட்டம் நாலு பக்கமும்தான் போட்டிருக்கு, தலைவரே. மேலயும் கீழயும் எரியுதே" என்றார் மாமா.

"அதெல்லாம் பேசாத. ஏறிப் பாரு."

அவர் ஏறினார். நான் இதை எதிர்பார்க்கவில்லை. திவாகர் நாறுவான் என்றுதான் கணக்குப் போட்டேனே தவிர, அவன் நாற்றத்தை இன்னொருவர் மேல் துடைப்பான் என்று யோசிக்கவில்லை. அவ்வளவு வருடம் அவனைத் தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. மாமா ஏணியில் நின்று டெஸ்டரை வைத்து ஒவ்வொரு விளக்காகத் தொட்டார். ஒவ்வொன்றிலும் டெஸ்டர் எரிந்தது. நல்ல விளக்கைக் கழற்றி வேறு நல்ல விளக்கைப் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பெருசுக்குக் கண்ணு போயிருச்சு லா" என்று ஒருவன் சொன்னான். வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரு, திவாகர் இன்னும் கொஞ்சம் பேசட்டும், பேசிப் பேசி நன்றாக மாட்டட்டும் என்று இன்னொரு குரலும் உள்ளே சொன்னது. அந்தக் குரலைத்தான் கேட்டேன். இருபது நிமிடம் நின்றேன்.

தலைவர் மைக்கை எடுத்தார். "பக்த கோடிகள் மன்னிக்கணும். லைட் வேலைல கோளாறு. அடுத்த தடவை வேற ஆள் ஏற்பாடு செய்வோம்."

முனியாண்டி மாமா ஏணியிலிருந்து இறங்கினார். டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்தார். தலைவரிடம் போகவில்லை, கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் மைக் இல்லாமலே பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"நூத்தெட்டு போற்றி நீங்கதானே சொன்னீங்க. ஒவ்வொரு போற்றிக்கும் ஒரு லைட்டு. எந்தப் போற்றிக்கு எரியாமப் போச்சு? சொல்லுங்க."

மாமா பலகையைக் கை காட்டினார்.

"பல்பு செத்திருந்தா போற்றி சொன்னப்ப எரிஞ்சிருக்காதுல்ல. நடுவுல எங்கயாச்சும் எரியாம நின்னுச்சா?"

முன் வரிசையில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற காளியம்மா அக்கா சத்தமாகச் சொன்னார். "இல்லலா. எல்லாத்துக்கும் எரிஞ்சுச்சு. நான் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்."

"அப்ப எரியச் சொன்னதெல்லாம் எரிஞ்சிருச்சு" என்றார் மாமா. "மத்ததை எரியச் சொல்லவே இல்ல."

ஒரு சனிக்கிழமைகூட வகுப்புக்குப் போகாத மனிதர். வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பூசாரியின் போற்றியை வைத்தே நிரலின் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். சான்றிதழ் வாங்கிய நாங்கள் இரண்டு பேர் அங்கே நின்றோம், ஒருவன் புளுகிக்கொண்டு, ஒருத்தி வாயை மூடிக்கொண்டு.

திவாகர் லேப்டாப்பை மூடினான். தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஊருக்கு முன்னால் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? "சரி சரி, நூத்தெட்டு வந்துருச்சுல்ல, அது போதும். அம்மனுக்கு நேரமாச்சு, தேரை எடுங்க" என்றார். தேர் கிளம்பியது. ஓட்டை வட்டத்தோடு அம்மன் ஊர்வலம் போய் வந்தாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் 'விளக்குக் கோளாறு' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கும்பாபிஷேக விளக்கு வேலை டவுன்காரர் ஒருவருக்குப் போனது. முனியாண்டி மாமா கேட்ட கேள்வியை அந்தக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. கேள்வி மறந்துபோய்விட்டது, மைக்கில் சொன்னது மட்டும் ஊரில் நின்றது. கோயில் வேலையே தப்பாப் போச்சாமே என்று செர்காமில் ஒரு வீட்டில் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிறகு இன்னொரு வீட்டில். திவாகருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் கடையில் சான்றிதழுக்குப் பக்கத்தில் தேரின் போட்டோவையும் மாட்டினான், ஓட்டை தெரியாத கோணத்தில்.

போன வியாழக்கிழமை, நான் மலருக்காக அவன் போட்டோவில் குழம்புக் கறையை அழித்துக்கொண்டிருந்தபோது, அச்சகக் கதவைத் தள்ளிக்கொண்டு முனியாண்டி மாமா வந்தார். பேர் அட்டை அடிக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார். பேர், கைப்பேசி எண், வயரிங் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு அட்டை தேவைப்பட்டதே இல்லை.

"கலர் என்ன போடலாம் மாமா?"

"எரியற கலரா போடும்மா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எட்டுத் துண்டு வழி, பத்தொன்பது, பழைய பலகையிலேயே நூற்றெட்டு. திரையில் வட்டத்தைப் போட்டும் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். உதட்டை அசைத்து எண்ணினார். நூற்றெட்டில் வந்து நிறுத்தினார்.

"அழகா மூடியிருக்கு" என்றார். நிமிர்ந்து, "இது உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால."

"நான் மரத்தடியில துளை போட்டுக்கிட்டு இருந்தப்ப?"

"தெரியும் மாமா."

"அன்னிக்கு உன்னைத்தானே கேட்டேன்" என்றார். அதில் கோபம் இல்லை. தேதியைச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டார். நான் தலையாட்டினேன். அவனுக்குப் பாடம் புகட்ட நினைத்தேன், உங்களுக்கு இப்படி ஆகும் என்று தெரியாது என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பக்கத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே திவாகர் கறுப்புக் கோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவன் போட்டோவ நல்லா சுத்தம் பண்ணியிருக்கம்மா" என்றார் மாமா. அட்டைக்கான தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு கடையில் அடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.